இரண்டு பரந்தாமன்களும் ஒரு நாலாம் நம்பரும்

பிணமாக நடிப்பது சுலபம் என்று சொல்கிறவர்கள் யாரும் கடலூரில் பிணமாக நடித்ததில்லை. உப்பனாற்றுக் கொசுவுக்குக் கலை தெரியாது. காட்சி உச்சத்தில் இருக்கும்போதுதான் அது மூக்கு நுனியில் வந்து சாவகாசமாக உட்கார்ந்து பந்தியை ஆரம்பிக்கும். கதாநாயகன் என் மார்பின்மேல் விழுந்து பக்கம் பக்கமாக அழுதுகொண்டிருப்பான். நான் செத்தவன்; தட்டிவிட முடியாது. அப்படி வருஷக்கணக்கில் செத்துப் பழகிய ஒருவன், ஒரே ஒரு முறை உயிரோடு, வாயோடு, வசனத்தோடு மேடையில் நிற்க ஆசைப்பட்டான். அந்த ஆசை அவனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இது.

உப்பங்காற்று நாடகக் குழு என்று பெயர். பெயரை வைத்தது நான்தான். (வேஷம் தராதவர்கள் பெயர் வைக்க மட்டும் விட்டார்கள். கவிதை எழுதுகிறவனை அதற்குத்தானே வைத்திருக்கிறார்கள்.) ஞாயிறு மதியம், மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். கல்யாணம் இல்லாத நாட்களில் அது எங்கள் அரங்கம். போன வாரச் சாம்பார் வாசத்தில் நாங்கள் பேரரசுகளை நிறுவுவோம், கவிழ்ப்போம்.

இயக்குநர் ஆல்பர்ட் சார், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தங்கமான மனிதர். அதாவது, கடைசியாகத் தன்னிடம் பேசியவர் சொன்னதே சரி என்று நம்புகிற அளவுக்குத் தங்கம். ஒத்திகை முடிந்ததும் எதிர்ச்சாரி டீக்கடைக்குப் போவார். கூடவே பரந்தாமனும் அவருடைய ஆட்களும் போவார்கள். திருப்பாப்புலியூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த பரந்தாமனுக்குக் குரலே மூன்று ஃபேஸ் மின்சாரம். வசனத்தின் கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே போவார்; "நீதியாாாா" என்றால் அந்த 'யா' கெடிலம் ஆற்றுப் பாலம் தாண்டித்தான் நிற்கும். டீ ஆறுவதற்குள் அடுத்த நாடகத்தில் யார் ராஜா, யார் மந்திரி, யார் பிணம் எல்லாம் முடிவாகிவிடும். மறுநாள் காலை வாட்ஸப்பில் நாங்கள் தெரிந்துகொள்வோம்.

நாங்கள் என்றால் சிதம்பரம் பஸ்காரர்கள். நானும், பரங்கிப்பேட்டைக்குப் போக பி.முட்லூரில் இறங்குகிற ரஃபியும், இன்னும் சிலரும். ஒத்திகை முடிந்த நிமிடமே ஓடுவோம். அதற்குப் பிறகு பஸ் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. உட்கார இடம்தான் இருக்காது. உண்மையைச் சொன்னால், ஜன்னலோர இருக்கைக்காகக் கதாநாயகன் வேஷங்களை விட்டுக்கொடுத்தவன் நான். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அது எனக்கு அப்படித் தோன்றாது. சவுக்குத் தோப்புகள் பின்னால் ஓட ஓட, எனக்கு இழைக்கப்பட்ட அநீதி மட்டும் முன்னால் வந்து பக்கத்து இருக்கையில் உட்காரும்.

இந்த நிலையில்தான் புது நாடகம் வந்தது. காணாமல் போன ஒரு படகைப் பற்றிய வழக்கு. நடுநாயகமாக ஒரு நீதிபதி. முதல் மேடையேற்றம் சிதம்பரத்தில், என் சொந்த ஊரில். அன்று பார்த்து சேத்தியாத்தோப்பிலிருந்து மாமனார் போன் செய்தார்.

"என்னா மாப்ள, சிதம்பரத்துல நாடகமாமே? கோமதி சொன்னா. இந்த தடவ என்னா வேஷம்? போன தடவ செத்துக் கெடந்தீங்க. அதுக்கு முந்தி வேல் கம்ப புடிச்சிகினு மூணு மணி நேரம் நின்னீங்க. நம்ம சனங்க எல்லாம் கேக்குறாங்க, ஒங்க மருமவனுக்குப் பேச்சு வருமா வராதான்னு."

"நீதிபதி வேஷம் மாமா. எனக்குத்தான்."

இதைச் சொன்னது என் வாய். என்னைக் கேட்காமல் சொன்னது.

"அடேங்கப்பா! அப்ப வேன் வச்சிகினு வந்துட்றோம். ஜனம் ஜாஸ்தி வரும்" என்று வைத்துவிட்டார்.

இல்லாத வேஷத்துக்கு வேன் ஏற்பாடாகிவிட்டது. வேன் நிறைய மனைவி வீட்டுச் சனம் வந்து இறங்கும். நான் மறுபடியும் ஏதாவது ஒரு மூலையில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதற்குப் பிறகு அந்த ஊரில் நான் எந்தக் காதுகுத்துக்குப் போக முடியும்?

ஒரு ஞாயிறு, ஜன்னலோர இருக்கையைத் தியாகம் செய்தேன். டீக்கடையில் ஓரமாக உட்கார்ந்து, பரந்தாமன் கடை பூட்டப் போகும் வரை காத்திருந்து, ஆல்பர்ட் சாரிடம் கடைசி ஆளாகப் பேசினேன். அவர் கலங்கிப்போனார். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி தம்பி. நியாயமா ஒரு தேர்வு வச்சிருவோம். விதிய நீங்களே எழுதுங்க."

எழுதினேன். காவியம் எழுதுகிற வேகத்தில் எழுதினேன். நீதிபதி வேஷம் கேட்பவர்கள் திரைக்குப் பின்னால் நின்று, ஒரே வசனத்தைப் பேச வேண்டும். யாருக்கு எந்த நம்பர் என்பது ஆல்பர்ட் சாருக்கு மட்டும் தெரியும். திரைக்குப் பின்னால் பேசுகிறவரைத் தவிர யாரும் மூச்சுவிடக் கூடாது. குழுவினர் ஆளுக்கொரு புளியங்கொட்டையை, பிடித்த குரலின் நம்பர் போட்ட டம்ளரில் போட வேண்டும். அதிகக் கொட்டை விழுந்த குரல் எதுவோ, அந்தக் குரலுக்கு உடையவர்தான் நீதிபதி, மறுபேச்சு கிடையாது. பரந்தாமன் கோஷ்டி பாதியில் வெளிநடப்பு செய்துவிடக் கூடாதே என்று, கடைசியில் ஓர் ஆணியும் அடித்தேன்: பெயர் கொடுத்தவர்களில் ஒருவர் பேசாமல் போனாலும் தேர்வு செல்லாது, பழையபடி இயக்குநர் முடிவே முடிவு.

"மச்சான், சட்டம் தெரிஞ்சவன் எழுதுன மாரி இருக்கு" என்றார் ரஃபி. புல்லரித்தது.

தேர்வு நாள். புழுக்கம். கடலிலிருந்து காற்று கிளம்பி, மண்டபத்து வாசல் வரை வந்து, உள்ளே நிலவரம் சரியில்லை என்று திரும்பிப் போய்விட்டது. திரைக்கு எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பு, பெரிய பெரிய சூரியகாந்திப் பூ போட்டது. ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டியாயிற்று. இன்னொரு முனைக்கு ஆணி இல்லை. விரிப்புக்குத் துணையாக வந்த என் மனைவி கோமதி, "சரி குடுங்க, நான் புடிச்சிகினு நிக்கறேன். சீக்கிரம் முடிங்க, போற வழியில துணி தைக்கக் குடுத்தத வாங்கணும்" என்று திரைக்குப் பின்னால் முனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனியார் கிளினிக் ஒன்றில் வரவேற்பு மேசை வேலை அவளுக்கு, நிற்பது பழக்கம்.

போட்டியாளர்கள் சமையற்கட்டில் காத்திருந்தோம். ஆள் உயர அண்டாக்களுக்கு நடுவில் நான், பரந்தாமன், ஒரு வங்கி நண்பர். நாலாவது ஆள் புதியவர். திட்டக்குடியிலிருந்து போனில் பெயர் கொடுத்தவர். இன்னும் வந்து சேரவில்லை. பஸ்ஸில் இருப்பார் என்றார்கள்.

பரந்தாமன் வெளியே போன் பேசப் போயிருந்தார்; எங்களில் யார் எப்போது போனோம் என்று அவருக்குத் தெரியாது. வங்கி நண்பர் முதலில் போனார். அவர் பேசியது அவருக்கே கேட்டிருக்காது. அடுத்தது நான்.

சமையற்கட்டிலிருந்து திரை வரை நடந்த அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டால் டீக்கடைக்காரர்கள் ஒரு கொட்டைகூடப் போடமாட்டார்களே. அதனால் பரந்தாமனைப் போலப் பேசிவிட்டால்? அவருடைய ஆட்கள் அவரென்று நினைத்துப் போடுவார்கள். என் ஆட்கள் எப்படியும் எனக்குப் போடுவார்கள். இரண்டு கோஷ்டியும் ஒரே டம்ளரில்! (என் ஆட்களுக்கு மட்டும் நான்தான் என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி அப்போது எழவில்லை. மேதைகளுக்கு இப்படித்தான், சின்ன விஷயங்கள் கண்ணில் படாது.)

ஸ்டூலின்மேல் வசனத்தாள் இருந்தது. எடுத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தொண்டையைத் தாழ்த்தி, மார்பை விரித்து ஆரம்பித்தேன்.

"எல்லோரும் பேசினீர்கள்ள்ள்ள்! நான் கேட்டுக்கொண்டிருந்தேன்ன்ன்ன்!"

விரிப்பு லேசாக ஆடியது. கோமதியைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் நடிப்பில் நெகிழ்ந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, கடைசி வரியின் கடைசி எழுத்தைப் பண்ருட்டி வரை இழுத்து முடித்தேன்.

பேசி முடித்தவர்கள் பின்வாசல் வழியாகக் கை கழுவும் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். வங்கி நண்பர் அங்கே இல்லை. வெட்கத்தில் வண்டி எடுத்துக்கொண்டு போயேவிட்டார். நான் குழாயடியில் நின்றேன். அடுத்து பரந்தாமன் பேசுவது கேட்டது. அசல் இழுவை. முடித்துவிட்டு அவரும் வந்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி பக்கத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு பக்கத்தில் இருந்தது, நான் பிணமாகப் படுத்து அவர் என்மேல் விழுந்து அழுதபோதுதான்.

"ரெண்டாவது யாரு கவிஞரே? என்ன மாரியே பேசுனான்?"

"தெரியலயே" என்றேன் குழாயைப் பார்த்து.

உள்ளே ஆல்பர்ட் சார், "நாலாம் நம்பர்" என்றார். பதில் இல்லை. கொஞ்சம் விட்டு மறுபடியும், "நாலாம் நம்பர் இருக்கீங்களா?" அதற்கும் இல்லை.

திட்டக்குடிக்காரர் வரவில்லை. ஒருவர் பேசாவிட்டாலும் தேர்வு செல்லாது. நான் அடித்த ஆணி என் உள்ளங்காலிலேயே ஏறியது. பரந்தாமன் மெல்லச் சிரித்தார். வேன் என் நெஞ்சுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

அப்போது அந்தக் குரல் எழுந்தது.

"எல்லோரும் பேசினீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்."

இழுவை இல்லை. கத்தல் இல்லை. ஒரு பெண் குரல். கத்தியைத் தீட்டிவிட்டு, வெட்டாமல் மேசைமேல் வைப்பது போல ஒவ்வொரு சொல்லையும் வைத்தது.

"கேட்டுக்கொண்டிருந்ததால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தீர்கள். படகு எங்கே என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொல்லப் போவது யார்? உட்காருங்கள். நின்றுகொண்டு பொய் சொன்னால் கால் வலிக்கும்."

கூடத்தில் நின்றிருந்தவர்கள் உட்காருகிற சத்தம் கேட்டது. குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர்கூட ஒருமுறை நின்று சொட்டியது.

பரந்தாமன் முகம் வெளுத்துவிட்டது. "யாருய்யா அது? ஒம்ம ஆளா?"

"எங்க ஆளா? நீங்க எறக்குன ஆளுன்னு நெனச்சேன்."

"நம்ம ஆளுங்கள்ல இப்படி யாரு பேசுவாங்க? இது தொழில்காரக் கொரல்யா. காசுக்கு நடிக்கிற பாண்டிச்சேரி ஆளு."

பாண்டிச்சேரி! அந்தச் சொல் என் மண்டைக்குள் போய் விளக்கேற்றியது. திட்டக்குடி என்பது பொய். டீக்கடையில் சதி நடந்திருக்கிறது. பரந்தாமனே தெரியாததுபோல் நடிக்கிறார், நடிகர்தானே.

உள்ளே கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசைமேல் வரிசையாக எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொருவராக வந்து கொட்டை போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆல்பர்ட் சார் முதல் டம்ளரைக் கவிழ்த்தார். பரிதாபத்துக்கு ஏதோ விழுந்தது. இரண்டாவதைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. அடியைத் தட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தார். சந்தேகத்துக்கு விரலைவிட்டுத் துழாவினார். கணக்கு வாத்தியார் அல்லவா, பூஜ்யத்தை நிரூபித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

மூன்றாவதில் ஒரு கைப்பிடி. நாலாவதைக் கவிழ்த்தபோது கொட்டைகள் மேசை நுனி வரை உருண்டு தரையில் விழுந்தன. டீக்கடை ஆட்கள்கூட அதில்தான் போட்டிருக்கிறார்கள்.

நான் ரஃபியைப் பார்த்தேன். உயிர் நண்பனுடைய ஒரு கொட்டைகூடவா இல்லை? அவர் என்னை ஆறுதலாகப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எனக்குள் ஏதோ அறுந்தது.

"இது செல்லாது!" என்று கத்தினேன். இந்த முறை என் சொந்தக் குரலில். "நாலாம் நம்பர் நம்ம குழுவே கெடையாது! பாண்டிச்சேரில இருந்து கூலிக்கு ஆள் புடிச்சிகினு வந்திருக்காங்க! நியாயம் பேசுறதுக்குத் தெர கட்டுனா, தெரக்குப் பின்னாடியே அநியாயமா? அந்தப் பொம்பள யாருன்னு எனக்கு இப்பவே தெரியணும். இந்தக் கொரல என் வாழ்நாள்ல நான் கேட்டதே இல்ல!"

"தம்பி, தம்பி..." என்று ஆல்பர்ட் சார் எழுந்தார்.

நான் அதற்குள் ஓடிப்போய்ச் சூரியகாந்திப் பூவைப் பற்றி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தேன்.

ஜன்னல் பக்கக் கட்டு அவிழ்ந்தது. இன்னொரு முனை வரவில்லை. அதைக் கோமதி பிடித்திருந்தாள். ஒரு கையில் விரிப்பின் முனை. இன்னொரு கையில் வசனத்தாள். வேறு யாரும் இல்லை.

விரிப்பின் இரண்டு முனைகளில் நாங்கள் இரண்டு பேரும், துவைத்த துணி மடிக்கப் போகிறவர்கள் போல நின்றோம்.

முதலில் பேசியது பரந்தாமன்தான். "கவிஞரே," என்றார் ரொம்ப மரியாதையாக, "பாண்டிச்சேரி ஆள எந்த மண்டபத்துல வச்சு கல்யாணம் பண்ணீங்க?"

கூடம் வெடித்தது. ஒருவர் சிரித்துச் சிரித்துப் பந்தி மேசைக்கு அடியில் போய்விட்டார். ரஃபி மட்டும் அருகில் வந்து தோளைத் தொட்டார். "மச்சான், சத்தியமா ரெண்டாவது நீன்னு தெரியாது. ரெண்டாவதும் பரந்தாமன் மாரி இருந்துச்சி, மூணாவதும் பரந்தாமன் மாரி இருந்துச்சி. அந்தாளு ரெண்டு தடவ வந்து பேசிட்டுப் போறான்னு நெனச்சிட்டோம். கோவத்துல எல்லாக் கொட்டையும் நாலுக்குப் போச்சு."

"ஓ! ரெண்டாவது நீங்கதானா?" என்றார் பரந்தாமன். அவருடைய ஆட்களுக்கு அது போலி என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டதாம். யாரோ கிண்டல் செய்கிறார்கள் என்று விட்டுவிட்டார்களாம்.

"சார், நான் சும்மா படிச்சேன். இதெல்லாம் வேணாம்" என்றாள் கோமதி. ஆல்பர்ட் சார் என் கையெழுத்தில் இருந்த விதியைச் சத்தமாக வாசித்தார். "மறுபேச்சு கிடையாது. தேர்வு செல்லலன்னாலும் இயக்குநர் முடிவே முடிவு. என் முடிவும் இதுதான்" என்றார். கடைசியாக அவரிடம் பேசியது யாராக இருந்தாலும், அன்று ஒருநாள் மட்டும் அவர் அசையவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். புதுச்சத்திரம் தாண்டியது. பிறகு கோமதி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தர் பேசலன்னாலும் செல்லாதுன்னு நீங்கதான எழுதி வச்சீங்க? அந்த ஆளு வரல. அப்பாகிட்ட வேற சொல்லிட்டீங்க. உங்களுக்கு வேஷம் போயிடுமேன்னுதான் எடுத்துப் படிச்சேன்."

"தெரியும்" என்றேன். தெரிந்திருக்கவில்லை.

"அது இருக்கட்டும். என் கொரல் கூடவா தெரியல?"

இத்தனை வருஷமாக வீட்டில் அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பாள், நான் முடிப்பேன். ஏழு வாக்கியம் தொடர்ந்து அவள் பேசி, நடுவில் நான் புகாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை. அதுவும் நடுவில் ஒரு சுவர் இருந்ததால். இதையெல்லாம் கவிதையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "பேசாம வாங்க" என்றாள். பேசாமல் வந்தேன். அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லவில்லை.

நாடகம் சிதம்பரத்தில் நடந்தது. வேன் வந்தது, சொன்னதைவிட ஜனம் ஜாஸ்தி. நீதிபதி வருகையை அறிவிக்கும் டவாலி வேஷம் எனக்கு. குல்லாய், குறுக்குப்பட்டை, ஒரே வரி: "அமைதி! நீதிபதி வருகிறார்!" அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கினேன். கறுப்பு அங்கியில் கோமதி வந்து உட்கார்ந்தாள். முன்வரிசையில் மாமனார் எழுந்தேவிட்டார். "உட்காருங்கள்" என்று அவள் பொதுவாகச் சொன்ன வசனத்துக்கு, அவர் மகளென்றும் பார்க்காமல் பயந்து உட்கார்ந்தார். ஓரத்தில் ஈட்டி மரம் போல நின்று முழு நாடகத்தையும் கேட்டேன். வேறு வேலை இல்லை; கேட்பது மட்டும்தான் என் வேஷம்.

முடிந்ததும் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "ஒங்களுக்குக் கெடச்சத என் பொண்ணுக்கு உட்டுக் குடுத்துட்டீங்களே மாப்ள. எவனுக்கு வரும் இந்த மனசு!"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் அங்கியை மடித்துக்கொண்டிருந்த கோமதி, "ஆமாப்பா, ஒரு கொட்ட கூட தனக்குன்னு வச்சிக்கல" என்றாள்.

குழுவில் இப்போது டீக்கடை கோஷ்டியும் இல்லை, பஸ் கோஷ்டியும் இல்லை. எல்லோரும் கோமதி கோஷ்டி. பரந்தாமனே வசன உச்சரிப்பில் சந்தேகம் என்றால் அவளுக்குத்தான் போன் செய்கிறார். எனக்கு இன்னும் பேசும் வேஷம் வரவில்லை, கேட்பதையும் நிறுத்திவிட்டேன்.

ஆனால் கதை வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. அந்த வாரமே எங்கள் மகள் என் போனை எடுத்து, அதில் 'கோமதி' என்று இருந்ததை 'நாலாம் நம்பர்' என்று மாற்றிவிட்டாள். நானும் திருப்பி மாற்றவில்லை. அலுவலகத்தில் மேசைமேல் போன் அதிரும்போதெல்லாம் திரையில் பளிச்சென்று எழுகிறது: நாலாம் நம்பர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதைப் பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள். அப்புறம் ரொம்பத் தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கிறார்கள்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க... மொத மூணு பேரும் இப்ப எங்க இருக்காங்க?"